கையெழுத்துக்குப் பொறுப்பு உண்டு

அமெரிக்க நீதித்துறையின் நாடாளுமன்ற விவகார அலுவலகம் வெறும் தபால்காரர்தான், கடிதத்தில் பிழை இருந்தால் அதற்கு அது பொறுப்பல்ல என்கிற வாதத்தை ஏற்கவே முடியாது.

2011 பிப்ரவரி 4 அன்று செனட்டர் கிராஸ்லிக்கு அந்த அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியது. சட்டவிரோதமாக வாங்கப்படும் துப்பாக்கிகள் மெக்சிகோ போகாமல் தடுக்க அதிகாரிகள் எல்லா முயற்சியும் எடுக்கிறார்கள் என்றது கடிதம். ஆனால் அரிசோனாவில் அவற்றைத் தெரிந்தே போகவிட்டிருந்தார்கள். எல்லைக் காவலர் பிரையன் டெர்ரி கொல்லப்பட்ட இடத்தில் அவற்றில் இரண்டு கிடந்தன. பத்து மாதம் கழித்து, டிசம்பர் 2 அன்றுதான் கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

தபால்காரர் கடிதத்தில் கையெழுத்திடுவதில்லை. இந்த அலுவலகத்தின் தலைவரோ செனட்டின் ஒப்புதலோடு பதவிக்கு வருபவர். கையெழுத்திடும் முன் விசாரிப்பது அவர் கடமை.