பெட்டியைத் திறக்குமுன்

பணம் படைத்த ஒருவர் பத்திரிகையின் மேல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தால், பத்திரிகைக்குக் கஷ்டம் வருவது தீர்ப்பு நாளில்தான் என்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்காவில் அது வெகு முன்பே தொடங்கிவிடலாம். அங்கே விசாரணைக்கு முன்னரே ஒரு தரப்பு மறு தரப்பின் கடிதங்களையும் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். ஆசிரியரையும் முதலாளியையும் சத்தியப் பிரமாணத்தின் பேரில் மணிக்கணக்காகக் கேள்வி கேட்கலாம். இந்த ஆதாரத் தேடல் மாதக்கணக்கில் நீளும். வக்கீல் செலவும் ஏறிக்கொண்டே போகும். சிறிய பத்திரிகையாயின், வழக்கில் வெல்லுமுன்பே கதவைச் சாத்த நேரிடும்.

2025 ஜூலை 18-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப், வால் ஸ்ட்ரீட் ஜர்னலை வெளியிடும் டவ் ஜோன்ஸ் நிறுவனம், ரூப்பர்ட் மர்டாக் முதலியோர் மீது ஆயிரம் கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். எப்ஸ்டீனின் 50-வது பிறந்த நாளுக்குத் தம் பெயரில் கடிதம் சென்றதாக வந்த செய்தி பொய் என்பது அவர் வாதம். செய்தி சரியே என்பது பத்திரிகையின் வாதம். அப்போது மர்டாக்குக்கு வயது 94. ஆகவே அவரை உடனே விசாரிக்க வேண்டும் என்று வாதி தரப்பு கோரியது. ஆகஸ்டில் இரு தரப்பும் உடன்பாடு கண்டன. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரும் மனு முடிவாகும் வரை ஆதாரத் தேடல் இல்லை. அதுவரை மர்டாக்கின் உடல்நிலை பற்றித் தகவல் தரப்பட வேண்டும். மனு தோற்றால், 30 நாட்களுக்குள் அவர் நேரில் பதிலளிக்க வேண்டும்.

இதுவே நியாயமான வரிசை. புகார் நிற்குமா என்று பாராமலே ஒரு தொழிலாளியின் லயத்து வீட்டைக் கிளறிச் சோதிக்க நாம் சம்மதிப்போமா? மாட்டோம் அன்றோ!

ஆனால் மர்டாக்கிடம் பணமும் பெரிய வக்கீல்களும் உண்டு. எதிரியோடு பேசி முடித்துக்கொண்டார். ஏழைப் பத்திரிகைக்கு அந்தப் பலம் ஏது? அதற்குச் சட்டமே துணை. கலிபோர்னியா மாநிலத்தில் 1992-ல் வந்த சட்டப்படி, பொதுப் பிரச்சினையில் பேசியதற்காக வழக்குக்கு ஆளானவர் அதை நீக்கக் கோரி மனுச் செய்தாலே ஆதாரத் தேடல் நின்றுவிடும். தக்க காரணம் காட்டினால் மட்டுமே கோர்ட் அனுமதி தரும்.

மறு பக்கத்தையும் மறக்கலாகாது. நாளை ஒரு பெரிய பத்திரிகை நம் தொழிலாளி ஒருவரைத் திருடன் என்று பொய்யாக எழுதினால், அந்தப் பொய்யை நிரூபிக்கும் காகிதம் அதன் மேசைக்குள்ளே அல்லவா இருக்கும்? 1979-ல் ஓர் இராணுவ அதிகாரி தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், செய்தி தயாரித்தவர் என்ன அறிந்திருந்தார், என்ன நினைத்தார் என்று கேட்க வாதிக்கு உரிமை உண்டு என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமை இல்லாவிடில் ஏழையின் மானத்துக்குக் காவல் இல்லை.

ஆகவே நிறுத்தி வைத்தல் வேறு, மூடி மறைத்தல் வேறு. முதலில் வழக்கு நிற்கட்டும். நின்றால் பெட்டி திறக்கட்டும். திறக்கும் நாளும் முன்கூட்டியே குறிக்கப்படட்டும்!