கவினை வளர்த்தவர் யார்?

கணினி விளையாட்டு என்றாலே காலத்தை விழுங்கும் பூதம் என எண்ணும் பெற்றோர் நம்மிடையே பலர். ஆயினும், கேட்டியில் வாழும் நம் மாணவர் சிலரின் நெஞ்சைக் கவர்ந்த ஒரு விளையாட்டு, பெற்றோரும் சிந்திக்கவேண்டிய வினாவொன்றை எழுப்பியுள்ளது. அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' நிறுவனத்தார் அதனை 2023 யூலையில் வெளியிட்டனர். புதியோரின் முதற்படைப்புக்கான பிரித்தானிய 'பாஃப்டா' விருது 2024இல் அதற்குக் கிடைத்தது.

1980களில் தமிழகத்திலிருந்து கனடாவிற் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியரின் ஒரே மகன் கவின். தன் தாயிடமிருந்து பெற்ற சமையற் குறிப்பேட்டைப் பார்த்தே வெண்பா சமைக்கிறாள். ஏடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போன இடங்களை ஆடுபவரே ஊகித்து, இட்டலியும் புட்டும் ஆக்கவேண்டும். சிறுவன் கவினிடம் தாய் தமிழிற் பேசச் சொல்கிறாள். அவனோ ஆங்கிலத்தையே நாடுகிறான். வளர்ந்தபின் வீட்டைவிட்டு விலகியும் போகிறான்.

"அவன் நன்றி மறந்தவன்" என்பர் பெற்றோர். "தாய் அவனை ஓயாது நெருக்கினாள்" என்பர் பிள்ளைகள். இருசாராரும் கூறுவது பாதி உண்மையே. கவினைத் தாய் மட்டும் வளர்க்கவில்லை. பள்ளிக்கூடமும், தோழரும், 'பிறரைப்போல் இரு' என்று சொல்லாமற் சொல்லும் ஊரும் சேர்ந்தே வளர்த்தன. அவனுடைய கூச்சத்தை வெறுப்பென்று கொள்வது தவறு.

பின்னொருநாள் அதே குறிப்பேட்டைக் கவின் கையில் எடுக்கிறான். தமிழை வாசிக்கத் தடுமாறுகிறான். அவனிடம் அன்பு குறையவில்லை, எழுத்தறிவே குறைந்தது.

"பிள்ளை தமிழ் பேசினாற் போதும், எழுத்து எதற்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதுவே எமது விடை. பேச்சுக்குத் தாய் அருகில் இருக்கவேண்டும். எழுத்தோ, அவள் இல்லாத இடத்திலும் காலத்திலும் பேசும். போரினால் ஊரைவிட்டு வந்த எம்மனோர் இதனை நன்கறிவோம். வீடும் பொருளும் போனபின்னும், மடித்துக் கொண்டுவந்த கடிதங்கள் எம்மோடு பேசுகின்றன. வாசிக்க அறியாத பிள்ளைக்கு அவை வெறுந்தாள்கள்.

ஆகவே பெற்றோரே, ஆங்கிலத்தில் விடை கூறும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுப்படிக்கு அழையுங்கள். நீங்கள் சொல்லச்சொல்ல ஒரு சமையற் குறிப்பைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். ஒரு வீட்டில் அது குழாய்ப்புட்டாகவும், இன்னொரு வீட்டில் நீற்றுப்பெட்டியில் அவிக்கும் பிட்டாகவும் இருக்கட்டும். எழுத்துப்பிழை இருப்பினும் குற்றமில்லை; திருத்துவதற்கு நாம் இருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, கவினுக்காக இரங்கினீர்கள், அது நன்று. உங்கள் வீட்டுக் குறிப்பேட்டை நீங்களே வாசிக்கும் வரை தமிழ் வகுப்பை விட்டுவிடாதீர்கள். அது இன்னும் நன்று.