சக்கரத்தின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், கார் வைத்திருக்கும் பிள்ளைகளின் வாப்பா உம்மாமாரும் கடைசி வரை வாசிக்க வேண்டுகிறோம்.

நோன்புப் பெருநாளைக்கு எங்களிடம் படித்த தம்பி ஒருவர் தன்னுடைய காரின் படத்தைப் போட்டிருந்தார். கட்டாரில் ஆறு வருடம் உழைத்து வாங்கிய பழைய சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். கம்பனி ரிம்மைக் கழற்றிவிட்டு, வெண்கல நிறத்தில் ஆறு காம்பு வைத்த 18 இன்ச் அலோய் பூட்டியிருந்தார். படத்துக்குக் கீழே லைக் குவிந்தது. ஆசிரியர்களாகிய நாங்களும் போய் "மாஷா அல்லாஹ், அழகு" என்று எழுதிவிட்டு வந்தோம். அது என்ன ரிம், எங்கே செய்தது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, உம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு கண்டியில் டொக்டரிடம் காட்டிவிட்டு ஊர் திரும்பினார். பதினெட்டு வளைவும் இறங்கியாயிற்று, மஹியங்கனையும் தாண்டியாயிற்று. நேரான பாதை, இருட்டு, ஒரு குழி. முன்பக்க இடது ரிம்மில் இரண்டு காம்பு அடியோடு முறிந்து விளிம்பு பிளந்தது. டயரில் காற்று நிற்கவில்லை. கார் இழுபட்டு ஓரத்து வாய்க்காலில் போய் நின்றது. உம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. மற்ற இருவருக்கும் கீறல் காயம். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை. அந்த நேரம் எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் நாம் இன்று வேறு மாதிரியான பதிவொன்றை வாசித்துக்கொண்டிருப்போம்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தோம். முன்பக்கம் உலகமே அறிந்த ஒரு ஜப்பான் கம்பனியின் பெயர் பளபளவென்று ஒட்டியிருந்தது. முறிந்த வாயில் ஊசி முனை அளவில் பொத்தல் பொத்தலாக இருந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும்போது காற்றும் வாயுவும் அகப்பட்டு உறைந்த துவாரங்கள் அவை. பின்பக்கத்தைத் திருப்பினோம். அளவைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்று இல்லை. யார் செய்தது என்று இல்லை. எந்தப் பரிசோதனையில் தேறியது என்று இல்லை. பெயரைத் திருடத் தெரிந்தவனுக்குத் தன் பெயரைப் போடத் துணிவு வரவில்லை.

விற்ற கடைக்காரர் சொன்னாராம்: "தம்பி, இது ஏ கிரேட் கொப்பி. ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல."

வித்தியாசம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தோம்.

அந்த ஆறு காம்பு வடிவம் ஜப்பானின் ரேஸ் கம்பனி 1996இல் கொண்டுவந்த டிஈ37 ரிம்முடையது. அசல் டிஈ37 ஒரே அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அமுக்கி உருவாக்கப்படுவது. அப்படி அமுக்கும்போது உலோகத்தின் உள்ளமைப்பு நெருங்கி இறுகுகிறது. அதனால்தான் மெல்லிய காம்பிலும் பலம் நிற்கிறது. கொப்பி செய்பவர் என்ன செய்கிறார்? அதே மெல்லிய காம்பின் உருவத்தை எடுத்து, உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுகிறார். வார்ப்பு ரிம் என்றாலே மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. நமது கார்களில் வரும் கம்பனி அலோய்களில் மிகப் பெரும்பாலானவை வார்ப்புத்தான். ஆனால் அவற்றை வடிவமைத்தவர், வார்ப்புக்கு எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று கணக்குப் பார்த்துத் தடிப்பு வைத்திருக்கிறார். அமுக்கிச் செய்த ரிம்மின் உருவத்தை வார்ப்பில் எடுத்தால் ஒன்றில் பாரம் கூடும், இல்லாவிட்டால் பலம் குறையும். பாரம் கூடினால் ஓட்டத்துக்கென்று வாங்கிய காரின் ஓட்டமே மந்தமாகும். பலம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை அந்த உம்மாவின் தோளில் பார்த்தோம்.

சரி, பரிசோதனை என்றால் என்ன? ஜப்பானில் கார் அலோய்களுக்கு ஜேடபிள்யூஎல் என்றொரு தரம் இருக்கிறது. அதில் முக்கியமாக மூன்று சோதனை. ரிம்மை வளைக்கும் விசை கொடுத்துக்கொண்டே ஆயிரக்கணக்கான தடவை சுழற்றுவது ஒன்று. டயரோடு பாரத்தில் அமுக்கி உருட்டுவது இன்னொன்று. மூன்றாவது, ரிம்மைச் சரித்து வைத்து மேலிருந்து பாரத்தைப் போடுவது. நமது ஊர்ப் பாதையின் குழி வேலையை அங்கே இயந்திரம் செய்கிறது. ஜேடபிள்யூஎல் முத்திரையைச் செய்பவரே சோதித்துப் போடலாம். அதோடு விஐஏ முத்திரையும் இருந்தால் வெளியார் ஒருவர் சோதித்துப் பதிவு செய்திருக்கிறார் என்று பொருள்.

"அந்த முத்திரையும் சில கொப்பியில இருக்கே சேர்" என்று நம் பையன்கள் கேட்பார்கள். இருக்கும்தான். முன்பக்கத்தில் அடுத்தவன் பெயரைப் பொய்யாகப் போட்டவன், பின்பக்கத்தில் மட்டும் உண்மை எழுதுவான் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? பெயர் பொய்யென்றால் முத்திரையையும் நம்ப முடியாது. கொப்பியின் பெரிய ஆபத்தே இதுதான். அது கட்டாயம் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடையாது என்று சொல்வதற்கும் பொறுப்பான ஒருவர் இல்லை.

ஜேர்மனியில் ஷில்டாக் என்றொரு சின்ன ஊர். அங்கே 1970இல் பவும்கார்ட்னர், பிராண்ட் என்ற இருவர் ஒரு கம்பனி தொடங்கினார்கள். தங்கள் இருவரின் பெயரிலும் முதலெழுத்து, கூடவே ஊரின் முதலெழுத்து. அதுதான் பிபிஎஸ். தன் பெயரையும் பிறந்த ஊரின் பெயரையும் ஒரு பொருளில் பதிப்பவன், அது உடைந்தால் அவமானம் எங்கே வந்து சேரும் என்று தெரிந்தே பதிக்கிறான். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமும் பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"எத்தனையோ பேர் கொப்பி போட்டு ஓடுறாங்க, ஒன்றும் ஆகல்ல." அலுமினியத்தின் குணத்தைத் தெரியாததால் வரும் பேச்சு இது. இரும்பில் ஒரு எல்லைக்குக் கீழே உள்ள விசையை எத்தனை தடவை கொடுத்தாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படியொரு தெளிவான எல்லை கிடையாது. ஒவ்வொரு குழியும் அதன் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு பொத்தலின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தொடங்கினால் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாது. நேற்று வரை ஓடியது என்பதால் நாளைக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது.

"கம்பனி ரிம் சின்னன், பார்க்க வடிவில்ல." அந்தக் காருக்கு வந்த டயர் 205/55 ஆர்16. கணக்குப் போடுங்கள். 205இன் 55 வீதம் ஏறத்தாழ 113 மில்லிமீற்றர். தரைக்கும் ரிம்முக்கும் நடுவே அவ்வளவு றப்பர் இருந்தது. இப்போது போட்டது 225/40 ஆர்18. 225இன் 40 வீதம் 90 மில்லிமீற்றர். வெளிச்சுற்று ஏறத்தாழ அதேதான். ஆனால் குழியின் அடியை வாங்கும் றப்பரில் 23 மில்லிமீற்றர் போய்விட்டது. ரிம்மைப் பலவீனமாக்கி, அதற்கிருந்த மெத்தையையும் மெலிதாக்கிவிட்டோம். வேகம் இரட்டித்தால் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்று பத்தாம் தரத்தில் படிப்பித்தோமே, அது பரீட்சைக்கு மட்டுமா?

"போல்ட் ஓட்டை சரியாப் பொருந்துது, பிறகென்ன?" ஓட்டை பொருந்துவது பாதிதான். இம்ப்ரெசாவின் நடு ஹப் 56.1 மில்லிமீற்றர். பல கார்களுக்கும் பொதுவாக விற்கும் ரிம்களில் நடுத்துவாரம் அதைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் பூட்டினால் ரிம் நடுவில் உட்காராது, ஸ்டியரிங் அதிரும். ஐந்து போல்ட் இருக்கிறதே என்று எடுத்துவிடவும் முடியாது. எஸ்டிஐ மாடலிலேயே 2004 வரை 5 தர 100, 2005இலிருந்து 5 தர 114.3. ஹொண்டா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனியுங்கள். ஹொண்டாவின் கம்பனி நட் உருண்டை வாய். வெளியில் வாங்கும் ரிம்களில் அநேகமானவை கூம்பு வாய். பழைய நட்டையே போட்டு முறுக்கினால் மெல்லிய ஒரு வட்டத்தில் மட்டும்தான் பிடிக்கும், ஓட ஓடத் தளரும். டயர் கடைப் பையன் முழுப்பலத்தோடு முறுக்கியதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறோம்.

"அசல் வாங்க எங்கட்ட காசில்ல சேர்." இதுதான் நேர்மையான வாதம். பதிலையும் நேர்மையாகச் சொல்கிறோம். காசில்லாதவனுக்குரிய நல்ல ரிம் அவன் காரிலேயே பூட்டியிருக்கிறது! அந்தக் காரின் எடை, பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் தெரிந்த பொறியியலாளர்கள் அதற்கென்றே செய்து, சோதித்து, காரின் விலையோடு சேர்த்துத் தந்த பொருள். அதை விற்றுத்தான் நம் பையன்கள் கொப்பிக்குக் காசு சேர்க்கிறார்கள். தங்கத்தை விற்றுக் கவரிங் வாங்கும் வேலை. கம்பனி ரிம் நிறம் மங்கியிருந்தால் சுத்தம் செய்து பெயின்ட் அடியுங்கள். அதற்கு ஒரு நல்ல டயரின் காசும் முடியாது. மிச்சக் காசில் நல்ல டயர் போடுங்கள்.

இன்னொரு பக்கத்தாரையும் விட மாட்டோம். "ஒரிஜினல் போட முடியாதவன் ஏன் கார் வாங்கினான்" என்று கொமெண்டில் நக்கல் அடிக்கும் கூட்டமே, கொப்பி விற்பவனுக்கு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுப்பது நீங்கள்தான். 16 இன்ச் கம்பனி ரிம்மோடு வந்த பையனை "மாமாட கார் மாதிரி இருக்கு" என்று சிரித்தது யார்? அவன் மறு மாதமே கொப்பி பூட்டியதில் உங்களுக்கும் பங்கிருக்கிறது. லைக் போட்ட எங்களுக்கும் பங்கிருக்கிறது.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. விற்பவரில் பலர் நம்மவர்கள், நம்மோடு ஒரே சஃபில் நிற்பவர்கள். நபியவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்த சம்பவத்தை மத்ரஸாவில் படிக்காத ஒருவரும் நம்மில் இல்லை. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். முன்பக்கம் பிரபலமான பெயர், பின்பக்கம் ஒன்றுமில்லை என்ற ரிம்முக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? "கொப்பி என்று சொல்லித்தானே விற்கிறோம்" என்பீர்கள். சொல்லுங்கள், ஆனால் முழுவதையும் சொல்லுங்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது, யார் சோதித்தார் என்று எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகும் வாங்குகிறானா பார்ப்போம். அதைவிட, அடுத்தவன் பெயரைத் திருடாமல் தன் சொந்தப் பெயரில், பாரமும் முத்திரையும் பதித்து வரும் விலை குறைந்த ரிம்களும் சந்தையில் உண்டு. அதை விற்றாலும் இலாபம் வரும், நிம்மதியாகத் தூங்கவும் முடியும்.

பாவித்த கம்பனி ரிம் வாங்குபவர்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். 2020 மார்ச் தொடக்கம் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில், இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினோம். ரிம்மும் அப்படித்தான். பஞ்சிகாவத்தையில் எடுத்தாலும் ஊரில் எடுத்தாலும், டயரைப் பூட்டுவதற்கு முன்னர் உட்பக்கத்தைப் பாருங்கள். வெல்டிங் தடம் இருந்தால், ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பெலன்ஸ் மெஷினில் சுற்றவிட்டு, ஆடுகிறதா பாருங்கள்.

சுருக்கமாகச் சொல்கிறோம். ரிம் வாங்கப் போனால் முதலில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். செய்தவர் பெயர், அளவு, ஓஃப்செட், தாங்கும் பாரம், முத்திரை ஐந்தும் காம்பின் பின்புறத்தில் அல்லது ஹப் பக்கத்தில் பதிந்திருக்க வேண்டும். ஸ்டிக்கரைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முன்பக்கப் பெயரும் பின்பக்கப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் "ஜஸாக்கல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, கம்பனி ரிம்மோடே வீட்டுக்கு வாருங்கள்.

அந்தத் தம்பி இப்போது பழைய 16 இன்ச் ரிம்மைத் தேடி அலைகிறார். விற்ற ஆளிடம் திரும்பக் கேட்டதற்கு, விற்றதைவிட இரண்டு மடங்கு சொல்கிறாராம். உம்மா இன்னும் கையைத் தூக்கித் தக்பீர் கட்டச் சிரமப்படுகிறார். துஆ செய்யுங்கள்.

அடுத்த பெருநாளைக்கும் படங்கள் வரும். இந்த முறை "மாஷா அல்லாஹ்" என்று எழுதுவதற்கு முன், "தம்பி, பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க" என்று நாங்கள் எழுதுவோம். நீங்களும் எழுதுங்கள்.