பட்டன் கத்திக்கு ஐம்பதாயிரம், ஆசாரி கத்திக்குக் கிலோ விலை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

கொஞ்ச நாளாக ஒரு புதுப் பழக்கத்தைப் பார்க்கிறேன். பெங்களூரிலும் ஓசூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளில் சிலர் பழைய பட்டன் கத்திகளைச் சேகரிக்கிறார்கள். பிடிக்குள் ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் மடங்கியிருக்கும் அலகு 'சடக்'கென்று வெளியே வந்து நிற்கும். இத்தாலியில் செய்தது, ஜெர்மனியில் செய்தது, ராம்பூரில் செய்தது என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, அடியில் சிவப்பு வெல்வெட் துணி விரித்து, படம் எடுத்துப் போடுகிறார்கள். "சார், இது அபூர்வமான பீஸ். ஐம்பதாயிரத்துக்கு எடுத்தேன்" என்று ஒரு தம்பி எனக்கே அனுப்பினான்.

யார் செய்தது என்று கேட்டேன். தெரியாது என்றான். எந்த வருடம்? ஐம்பது அறுபதுகளாக இருக்கலாம் சார். எதை வெட்ட? அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. விலையை மட்டும் பைசா சுத்தமாகச் சொன்னான்.

இதைத்தான் கேட்கிறேன். செய்தவன் பெயர் தெரியாது, செய்த ஊர் தெரியாது, செய்த வேலை தெரியாது. விலை மட்டும் தெரியும் என்றால் அதற்குப் பெயர் சேகரிப்பா? அடகுக்கடைக்காரருக்கும் விலை தெரியும். அவரை யாரும் வரலாற்று ஆர்வலர் என்று சொல்வதில்லை.

"அபூர்வம்" என்கிறீர்களே, அது எப்படி அபூர்வமானது என்று விசாரித்தீர்களா? வட இத்தாலியில் மனியாகோ என்று ஓர் ஊர். பல தலைமுறையாகக் கத்தி செய்கிற ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இத்தாலியப் பட்டன் கத்திகளை நினைவுப் பொருளாக வாங்கிப் போனார்கள். அங்கே தெருவில் திரியும் விடலைகள் கைக்கு அது வந்தது. 1950இல் ஒரு பெண்கள் பத்திரிகை அதைக் கொலைகாரப் பொம்மை என்று எழுதியது. சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1955இல் வந்த 'ரிபெல் வித்தவுட் எ காஸ்' படத்தில் கத்திச் சண்டையே உண்டு. 1958இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு இறக்குமதியையும் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதையும் தடுத்தது. மறு வருடமே பிரிட்டனும் செய்வதையும் விற்பதையும் தடை செய்தது.

அதற்கு முன் இவை கடை கடையாகத் தொங்கிய சாமான்கள். சட்டம் தடுத்ததால் கிடைக்காமல் போயின. சினிமா காட்டியதால் ஆசை வந்தது. கிடைக்காததும் ஆசையும் சேர்ந்தால் விலை ஏறும். நீங்கள் கொடுத்த ஐம்பதாயிரத்தில் பெரும்பகுதி அந்தத் தடைக்கும் அந்தப் படங்களுக்கும் கொடுத்தது. செய்த கைக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டன் கத்திக்கு நியாயமான பிறப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு கையால் திறக்க வேண்டிய அவசியம் சிலருக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களுக்குப் பட்டன் கத்தி கொடுத்தார்கள். மரத்தில் சிக்கித் தொங்குபவன் ஒரு கையால் கயிற்றை அறுத்துக்கொண்டு இறங்குவதற்காக. 1958 சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது: ஒரு கை மட்டுமே உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள பட்டன் கத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். பாருங்கள், தடை போட்டவனுக்குக்கூட இது யாருக்கு, எந்த வேலைக்கு என்ற கேள்வி தோன்றியிருக்கிறது. ஐம்பதாயிரம் கொடுத்தவனுக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருள்களை ஆயுதம் என்ற விளக்கத்திலிருந்தே நீக்கி வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. அங்கேயும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் ஆனவை விலக்கு. டெல்லியில் 1980லேயே தனி அறிவிக்கை வந்தது. ஸ்பிரிங்கில், பட்டனில் திறக்கும் கத்தி என்றால் அலகு 7.62 செ.மீ., அதாவது மூன்று அங்குலம் இருந்தாலே சிக்கல். சென்னையிலிருந்து ரயிலில் டெல்லிக்குப் பையில் போட்டுக்கொண்டு போகும் தம்பிக்கு இது தெரியுமா? "ஆன்டிக் சார்" என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இப்படிப்பட்ட பொருள் தொல்பொருள் ஆக நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். அறுபதுகளின் கத்தி சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கத்தி.

உத்தரப் பிரதேசத்து ராம்பூருக்கு வருவோம். நவாபுகள் காலத்திலிருந்து கத்திக்குப் பேர் போன ஊர். திறக்கும்போது கடகடவென்று பல்சக்கரச் சத்தம் கேட்கும் மடக்குக் கத்தி அங்கே பிறந்தது. இந்திப் படங்களின் வில்லன் கைக்கு அது போனது. நாலரை அங்குலத்துக்கு மேல் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. கத்திக்கடைகளுக்கென்றே பஜார் இருந்த ஊரில் இன்று பழைய முறையில் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். 2023 மார்ச்சில் அதே ஊரில் நாற்சந்தியில் ஆறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு கத்தியைச் சிலையாக நிறுத்தினார்கள். அரை கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கத்திக்குச் சிலை வந்துவிட்டது, கத்தி செய்கிறவனுக்கு வேலை வரவில்லை. நம் கண்ணாடிப் பெட்டிகளும் இதன் சின்ன வடிவம்தான்.

தமிழாசிரியனாக இருந்தவன், புறநானூற்றை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? நம் தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் போன கதை ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னதுதான். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். நெய் பூசி, பீலி கட்டி, மாலை சூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறான். ஔவை பாராட்டுவது போலவே ஆரம்பிக்கிறாள். பிறகு, எங்கள் தலைவனுடைய ஆயுதங்கள் நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன என்கிறாள். அவள் சொன்னது போரைப் பற்றி. ஆனாலும் அந்தக் கேலி இரண்டாயிரம் வருடம் கழித்து வெல்வெட் துணி விரித்தவர்களுக்கும் பொருந்துகிறது. தேய்ந்த இரும்புக்கு மரியாதை தந்த ஊர் இது. நாம் அதியமான் ஊர்க்காரர்கள். தொண்டைமான் வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இரும்பைப் பற்றி நமக்கு வெளியூர்க்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 வரை நம் மாவட்டமாக இருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தில், பர்கூர் தாலுகா மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அரசு அறிவித்தது. சேலத்துக் கஞ்சமலை இரும்புத் தாதுவின் பெயர் கடல் கடந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி 1830களில் சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். இங்கிருந்து ஷெஃபீல்டுக்கு இரும்பு போனது. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கியவரும் அவர்தான். ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் அந்த முறையால் கொழித்தார்கள். இன்றைக்கு நீங்கள் ஏலத்தில் எடுக்கிற ஷெஃபீல்டு மடக்குக் கத்தியின் பூர்வீகத்தில் நம்ம சேலம் ஜில்லாவுக்கும் ஒரு பங்கு உண்டு. இதை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலாவது எழுதி ஒட்டியிருக்கிறார்களா?

இப்போது பொம்மிடிக்கு வாருங்கள். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒரு பட்டறை இருந்தது. ஆசாரி லாரிப் பட்டையை வெட்டி, காய்ச்சி, அடித்து, பதம் பார்த்துத் தண்ணீரில் தோய்ப்பார். நிறம் பார்த்தே சூடு சொல்வார். கதிர் அறுக்கப் பன்னரிவாள், தழை கழிக்கக் கொடுவாள், பனையேறிக்குப் பாளைக்கத்தி, வீட்டுக்கு அருவாமனை, ஆடு மேய்ப்பவர் இடுப்பில் செருக ஒரு சின்ன மடக்குக் கத்தி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கைக்கு அளவெடுத்துச் செய்தது. இடக்கைக்காரனுக்குப் பன்னரிவாளில் பல் வேறு பக்கம் வெட்டித் தருவார். இத்தாலிக்காரன் செய்வானா இதை?

அந்தப் பட்டறைகளில் பாதி மூடிவிட்டன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் தப்பில்லை, போகட்டும். ஆனால் தாத்தாவின் பாளைக்கத்தியும் பாட்டியின் அருவாமனையும் எங்கே போகின்றன? பழைய இரும்புக்கடைக்கு. கிலோ கணக்கில். தாத்தா கத்தியைத் தராசில் போட்டுவிட்டு, முகம் தெரியாத எவனோ செய்த கத்தியை ஐம்பதாயிரத்துக்கு வாங்குகிறோம்.

இந்த வேலையை ஏற்கெனவே ஒருமுறை வெள்ளைக்காரன் செய்து காட்டியிருக்கிறான். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த பழைய வாள், கத்தி, கட்டாரிகளை 1863இல் உடைத்துப் பழைய உலோகமாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878இல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் அந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதி வைத்தார். தப்பியதில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று அரசாங்கம் செய்ததற்கு நாம் இன்றும் வருத்தப்படுகிறோம். இன்று வீட்டுக்கு வீடு நாமே செய்வதற்கு யார் வருத்தப்படுவது?

"சார், அரிவாள் என்றால் ரவுடித்தனம் ஆகிவிடுமே" என்று சிலர் கேட்பீர்கள். உண்மையான பயம்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளைகளே சக மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட வேண்டியதாயிற்று. முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் நான், அந்தச் செய்தியை லேசாகக் கடந்து போக முடியாது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: கத்தியை வேலையிலிருந்து பிரித்து, வெறும் கெத்தாக மாற்றும் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு ரீல்ஸும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. 'சடக்' என்ற சத்தத்துக்கு லைக் வாங்குகிறவனிடமிருந்து பதினைந்து வயதுப் பையன் வேறு எதைக் கற்றுக்கொள்வான்? இதே அரிவாளால் உன் பாட்டி எத்தனை ஏக்கர் ராகி அறுத்தாள் என்று சொல்லிக் காட்டுங்கள். அவன் பார்வை மாறும்.

சேகரிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சேகரியுங்கள். பட்டன் கத்தியே ஆனாலும் சட்டத்துக்கு உட்பட்டு, அலகின் அடியில் உள்ள முத்திரையைப் படித்து, ஊரைத் தேடி, வருடம் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். அதோடு நம் ஊர் இரும்பையும் சேருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை போதும்: செய்தவர் யார், எந்த ஊர்ப் பட்டறை, ஏறக்குறைய எந்த வருடம், என்ன இரும்பு, யார் கையில் எந்த வேலை செய்தது. பட்டறைக்காரப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அவர் தட்டும் சத்தத்தை, இரும்பின் நிறத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களை, போனில் பதிவு செய்யுங்கள். பத்துப் பொருள் சேர்ந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வைத்துக் காட்டுங்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய், கையில் ஆயுதத்தோடு கல்லில் நிற்கும் நடுகல் வீரர்களையும் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த ஆயுதத்தை அடித்துக் கொடுத்தவன் ஒருவன் இருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பதிவைப் பகிர்வதை விட எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். துருப்பிடித்த அரிவாளோ கத்தியோ கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன் வீட்டுப் பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை யார் அடித்தது? வருகிற பதிலைப் படத்தோடு கீழே எழுதுங்கள். விலை எழுத வேண்டாம்.

– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பொம்மிடி