காட்டுக்குள் ஒரு பிராட்வே

பிராட்வே என்றால் உலகத்தாருக்கு நியூயார்க் நகரத்து வீதி நினைவுக்கு வரும். சென்னைவாசிகளுக்கோ பாரிமுனைக்கு அருகிலுள்ள வீதி. ஆனால் 1944-ஆம் வருஷத்தில் வட பர்மாவின் காட்டுக்குள்ளும் ஒரு பிராட்வே இருந்தது. அங்கே கடைகளும் இல்லை, நாடகக் கொட்டகைகளும் இல்லை. புல் மண்டிக் கிடந்த ஒரு வெட்டவெளி, சுற்றிலும் காடு. அவ்வளவே.

பர்மாவின் பெரும்பகுதி அப்போது ஜப்பானியர் வசமிருந்தது. அவர்களுக்குப் பின்புறத்தில் துருப்புகளை இறக்கி, ரயில் பாதையையும் சாலைகளையும் துண்டித்துவிடுவதென்று பிரிட்டிஷ் தளபதி விங்கேட் திட்டமிட்டார். விமானம் இறங்குவதற்கென்று பொறுக்கியெடுத்த காட்டுவெளிகளுக்குப் பிக்கடில்லி, பிராட்வே, சௌரிங்கி என்று நாமகரணம் நடந்தது. லண்டன் வீதி ஒன்று, நியூயார்க் வீதி ஒன்று, கல்கத்தா வீதி ஒன்று. பர்மியர் பூமிக்குப் பர்மியப் பெயர்தான் அகப்படவில்லை!

மார்ச் 5-ந் தேதி மாலை அஸ்ஸாமிலுள்ள லாலாகாட் விமானத்தளத்தில், கிளைடர் எனப்படும் யந்திரமில்லாத விமானங்கள் அணிவகுத்து நின்றன. புறப்படும் தறுவாயில், ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்று வந்து சேர்ந்தது. பிக்கடில்லி வெளியெங்கும் பெரிய மரங்கள் கிடந்தன! சத்துரு ரகசியத்தை அறிந்துகொண்டானோ என்று தளபதிகள் திகைத்தார்கள். கலந்தாலோசித்து, எல்லோரையும் பிராட்வேக்கே அனுப்பினார்கள்.

ஒவ்வொரு டகோட்டாவும் இரண்டு கிளைடர்களை இழுத்துச் சென்றது. வழியிலே சில கயிறுகள் அறுந்தன. போய்ச் சேர்ந்தவற்றுக்கும் ஆபத்துக் காத்திருந்தது. முன்பு மரங்களை இழுத்துச் சென்றதால் விழுந்த பள்ளங்களைப் புல் மறைத்திருந்தது. அவற்றில் மோதி நொறுங்கிய கிளைடர்களில் சுமார் 30 பேர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் மறுநாளே புல்டோசர் கொண்டு நிலத்தைச் சமன் செய்தார்கள். அன்றிரவே டகோட்டாக்கள் இறங்கலாயின. ஒரு வாரத்துக்குள் பிராட்வேயிலும் சௌரிங்கியிலுமாகச் சுமார் 9,000 பேரும், ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் குதிரைகளும் வந்திறங்கின. சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடாதபடி அந்தக் கழுதைகளின் குரலையே கத்தியால் போக்கியிருந்தார்கள்! யுத்தத்தில் வாயில்லாப் பிராணி என்பதற்கு இதுவன்றோ அர்த்தம்?

பிக்கடில்லியில் மரங்களைப் போட்டவர் யார்? ஜப்பானியர் அல்லர். பர்மிய மரவெட்டிகள் தேக்கை வெட்டிக் காயப் போட்டிருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. தங்கள் ஜீவனத்துக்கான வேலை இரண்டு சாம்ராஜ்யங்களின் யுத்தத் திட்டத்தில் குறுக்கிட்டதை அந்த ஏழைகள் அறிந்திருப்பார்களா?

அதே மார்ச் மாதத்தில் ஜப்பானியச் சேனையோடு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இம்பாலை நோக்கிப் புறப்பட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அதில் அநேகர். பிரிட்டிஷாரின் சம்பளத்தில் கூர்க்காக்கள் விமானமேறிப் பர்மாவுக்குள் போக, நம்மவர்கள் கால்நடையாக இந்தியாவை நோக்கி வந்தார்கள். இரு திசையிலும் ஆசியாவின் ஏழை மக்களும் உயிரைப் பணயம் வைத்தார்கள்.

மார்ச் 24-ந் தேதி மணிப்பூர் மலையில் விமானம் விழுந்து விங்கேட் மாண்டார். மே மாதத்தில் பிராட்வே கைவிடப்பட்டது. இரண்டு மாத வீதி அது! 1948 ஜனவரி 4-ந் தேதி பர்மா சுதந்திரம் பெற்றது. மாண்ட தளபதியின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. தேக்கு வெட்டியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அந்தக் காடு அவர்களுடையதுதான்.