கொஞ்ச நாளைக்கு வரமாட்டேன்

வீட்டிலிருந்தபடி சுடுமண் நகை செய்து விற்கும் ஒருவர் "இனி கொஞ்ச நாளைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் வரமாட்டேன்" என்று அறிவித்தால், "என்ன, வியாபாரம் படுத்துடுச்சா?" என்றுதான் உடனே கேட்கிறோம். எனக்கென்னவோ அந்தக் கேள்வியே தப்பு என்று படுகிறது.

ஒரு ஜோடி ஜிமிக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் கல்லும் வேரும் நீக்கிப் பிசைய வேண்டும். உருவம் கொடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரிசல் விடும். ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்தே போகும். சுட்டு ஆறிய பிறகுதான் வண்ணம்.

இன்ஸ்டாகிராமோ 2016-ல் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதை விட்டு, நமக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்துக் காட்டத் தொடங்கியது. 2020-ல் ரீல்ஸ் வந்தது. இப்போது ஒரு போட்டோ போதவில்லை. கையில் மண் ஒட்டியிருக்கும்போதே வீடியோ எடுக்க வேண்டும், பாட்டுச் சேர்க்க வேண்டும். அந்த நேரமெல்லாம் நகை செய்யும் நேரத்திலிருந்துதான் போகிறது.

'லஷ்' என்ற பிரிட்டிஷ் அழகுசாதன நிறுவனம்கூட 2021 நவம்பரில் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கிலிருந்து விலகியது. ஆனால் அவர்களுக்குத் தெருவில் கடைகள் இருந்தன. வீட்டில் தனியாகச் செய்பவருக்கு அந்தப் பக்கம்தான் கடையே. ஆர்டர் குறையும் என்று தெரிந்தேதான் அவர் ஒதுங்குகிறார். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்.

நண்பர்களே, நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவருடைய நம்பரைச் சேமித்து வையுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு ஜிமிக்கி வேண்டுமென்றால், மண் காய அவகாசம் கொடுத்து முன்கூட்டியே போன் செய்யுங்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?