பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைத் தாராளமாகப் பார்க்கலாம். காரிமங்கலம் சந்தையில் வியாபாரி மாட்டின் வாயைத் திறந்தானென்றால், அடுத்த நிமிஷம் விலை பேசுவான். அல்லது வேண்டாமென்று போய்விடுவான். பார்த்ததற்கு ஒரு பலன் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். அன்று வைத்தியப் பரிசோதனை. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வரிசையில் வந்து நின்றாள். புதிதாக முளைத்த முன்பற்களில் பழுப்புக் கோடுகள். டாக்டர் கோபக்காரர் அல்லர்; களைத்தவர். "தினம் ரெண்டு வேளை நல்லாப் பல் தேய்க்கணும், தெரிஞ்சுதா?" என்றார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற தாய் மெதுவாகச் சொன்னாள்: "செங்கப்பொடி போட்டுக்கூடத் தேச்சாச்சுங்க சார். போவமாட்டேங்குது." டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். அடுத்த பிள்ளை வந்தது.

போகாது அம்மா, போகவே போகாது. அது அழுக்கல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடு, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் மேற்பூச்சைக் கெடுத்துவிடுகிறது. ஏழெட்டு வயதில் வெளியே வரும் முன்பல்லுக்குப் பூச்சு வேலை நடப்பது குழந்தையின் முதல் நான்கைந்து வருஷங்களில். அதாவது, இவள் இடுப்புக் குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரைத்தான் டாக்டர் அன்று பார்த்தார். பார்த்துவிட்டு அவளைக் குற்றவாளியாக்கினார்.

இது நேற்று முளைத்த வியாதியா? 1937-லேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர் ஆராய்ந்து, பல்லில் தொடங்கி எலும்பு வரை போகும் இந்த வியாதியைப் பற்றி எழுதிவிட்டார்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அது குடிக்கும் தண்ணீரே அல்ல என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. தர்மபுரிப் பாறைக்குள் ஆழமாகத் துளை போட்டு எடுத்த தண்ணீர் பல ஊர்களில் இந்தக் கணக்கைத் தாண்டியது. காய்ச்சினாலும் தீராது, தண்ணீர் வற்ற வற்ற விஷம் கெட்டிப்படும்.

பள்ளிப் பரிசோதனை என்ற வழக்கத்தில் பிரிட்டிஷ்காரர்கள் நமக்கு மூத்தவர்கள். போயர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கப் போய், வந்த வாலிபர்களின் நோஞ்சான் உடம்பைக் கண்டு மிரண்ட தேசம் அது. 1907-ல் சட்டம் போட்டுப் பிள்ளைகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சட்டம் பார்ப்பதைக் கடமையாக்கியது; குணப்படுத்துவதை உள்ளூர்க்காரர்களின் இஷ்டத்துக்கு விட்டது. பார்த்துக் குறித்துக்கொண்டால் மட்டும் பிள்ளை தேறாது என்று அவர்களுக்கும் உறைத்தது. 1944 கல்விச் சட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சிகிச்சையைக் கடமையாக்கியது. 1946-ல் தினமும் இலவசப் பாலும் வந்தது. அதே 1946-ல் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்த போர் கமிட்டி, இங்கே பள்ளிச் சுகாதாரம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றுமே இல்லை என்றது. இன்று அந்தக் குறை சொல்ல முடியாது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தில் பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை பார்க்கிறார்கள். வண்டி வருகிறது, டாக்டர் வருகிறார், சீட்டு எழுதுகிறார்கள். நாம் 1907-க்கு வந்து சேர்ந்துவிட்டோம்!

கறைபட்ட பல்லுக்கு இனி என்ன சிகிச்சை, பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாதே என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அந்தச் சிறுமிக்கு இரண்டு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுடைய நிலைத்த பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அக்காவின் பல்லைப் பார்த்துத் தம்பியின் பல்லைக் காப்பாற்றலாம். அதற்கு டாக்டர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" நான் அன்று பார்த்த சீட்டில் உயரத்துக்கு இடம் இருந்தது, எடைக்கு இடம் இருந்தது, தண்ணீருக்கு இடம் இல்லை.

"ஒகேனக்கல் தண்ணீர்தான் வந்துவிட்டதே!" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். வந்தது, மறுக்கவில்லை. ஜப்பான் கடனோடு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடிக்கு மேல் செலவழித்து, 2013-ல் காவிரியைத் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவந்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் இருக்கிறது. இதைச் செய்தவர்களை, எந்தக் கட்சியானாலும், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் குழாய் ஊர் வரைக்கும் வந்ததா, வீட்டுக் குடம் வரைக்கும் வந்ததா என்று யார் சொல்வது? என்ஜினீயர் பம்ப்பைப் பார்ப்பார். குடத்தில் என்ன இருந்தது என்பதை அந்த வீட்டுப் பிள்ளையின் பல்தான் சொல்லும். அந்தச் சாட்சியத்தை வருஷாவருஷம் எழுதி வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். எந்தக் குக்கிராமத்தில் எத்தனை பிள்ளைக்குக் கறை என்ற கணக்கு பரிசோதனை முடிந்த அந்த வாரமே குடிநீர் வடிகால் வாரியத்து மேஜைக்குப் போகட்டும். அந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்து, முடிவைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதட்டும். இதற்குப் புதுக் கமிட்டி வேண்டாம். ஒரு தபால் போதும்.

அந்தத் தாயிடம் நானே கேட்டேன், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று.

"காவேரித் தண்ணி வர்ற அன்னிக்கு அதுதாங்க. வராத அன்னிக்கு போர் தண்ணி" என்றாள்.

வாரத்தில் எத்தனை நாள் வரும் என்று கேட்பதற்குள், பரிசோதனை முடிந்து மணி அடித்துவிட்டது.